உக்கடத்தில் இறங்க வேண்டிய காகிதம்

என்னுடைய ராஜினாமாக் கடிதம் மூன்று நாள் பொள்ளாச்சிக்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருந்தது. அது அங்கே நிற்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நாட்களில் மத்தியானம் அவ்வளவு நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டிருக்க மாட்டேன். எனக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. தன் பெயர் அடுத்தவர் காகிதத்தில் வருவது அவருக்குப் பிடிக்காது.

பொள்ளாச்சி என்று நான் சொல்வது எங்கள் மேனேஜர் அறையில் இருக்கும் பிரிண்டரை. அந்தப் பெயரை வைத்ததும் அந்தப் பெண்தான்.

எங்களுடையது ஆர்.எஸ்.புரத்தில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி. முன்னால் அலுவலகம், மாடியில் பேக்கிங், பின்னால் குடோன். சென்னிமலையில் நெய்து வருவதை மடித்துப் பெட்டியில் போட்டுக் கப்பலுக்கு அனுப்புவோம். பெட்டியோடு போக வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. காகிதம் இல்லாமல் ஒரு பெட்டிகூட எங்கள் வாசலைத் தாண்டாது.

எட்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் கிழடு தட்டின. புதிதாக எதை ஏற்றினாலும் மூச்சு வாங்கின. லினக்ஸ் என்ற வேறு மென்பொருளைப் போட்டால் பழசும் ஓடும் என்று யாரோ முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். போட்டார்கள். ஓடியது. ஆனால் நாலு பிரிண்டரும் நாலு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இரண்டு நாள் நாங்கள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நடந்தோம். மூன்றாம் நாள் ஒரு சர்வீஸ் கடையிலிருந்து இவரை அனுப்பினார்கள்.

இருபத்தெட்டு வயது இருக்கலாம். வால்பாறை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் வளர்ந்தவர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சரக்கு அனுப்புவதைப் பார்க்கும் எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"ஏனுங்க அம்மணி, இந்த லினக்ஸுல பிரிண்டரே வராதுன்னு சொல்றாங்களே?"

"யாருங்க சொன்னாங்க? பிரிண்டர் சொல்லுச்சுங்களா?"

டெஸ்பாட்ச் அண்ணன் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹாலில் என் மேஜையை ஒட்டி ஒரு பொதுக் கம்ப்யூட்டர் உண்டு. எல்லாருடைய காகிதமும் அதன் வழியாகத்தான் பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, அதன் முன்னால் உட்கார்ந்தார். இணையம் பார்க்கிற ஜன்னலையே திறந்து ஏதோ ஒரு முகவரியும் கடைசியில் அறுநூற்று முப்பத்தொன்று என்ற எண்ணும் தட்டினார். பக்கம் திறந்தது. அன்று எங்களுக்கு நெட் வேலை செய்யவில்லை. நான் அதைச் சொன்னேன்.

"வெளிய எங்கயும் போகலீங்கண்ணா. கம்ப்யூட்டர் தன்னோட ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கற பக்கமுங்க இது."

பக்கத்திலேயே கேபிளில் மாட்டியிருந்த பிரிண்டர் உடனே பட்டியலில் தெரிந்தது. "இவரு உள்ளூருங்க, கூப்பிட்டதும் வந்துட்டாரு" என்றார். மற்ற மூன்றும் நெட்வொர்க்கில் இருப்பவை. "இவங்கெல்லாம் வெளியூரு. அட்ரஸ் கேட்டுத்தான் போகோணும்." அந்த அட்ரஸ் என்பது புள்ளி வைத்த நாலு எண்கள். ஒவ்வொரு பிரிண்டராக நடந்துபோய், அதன் சின்னத் திரையில் அதைத் தேடி, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. முருகன் பெயரை வைக்கலாம் என்று டெஸ்பாட்ச் அண்ணன் மீண்டும் வாய் திறந்தார். சென்னிமலைக்கு மாதம் தவறாமல் படியேறுகிறவர்.

"வெக்கலாமுங்க. ஆனா நாளைக்கு முருகன் ஜாம் ஆயிட்டாருன்னு சொல்லோணுமே, பரவால்லீங்களா?"

அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவர் சற்றும் யோசிக்காமல் தன் ஊருக்குப் பஸ் கிளம்பும் இடத்திலிருந்து ஊர் வரைக்கும் வழியில் வரும் பெயர்களைத் தட்டினார். என் மேஜைப் பக்கத்துப் பிரிண்டர் உக்கடம். மேனேஜர் அறையில் இருந்தது பொள்ளாச்சி. மாடியில் பேக்கிங்கில் இருந்தது ஆழியாறு. சிக்னல் தடுமாறித் தடுமாறிப் போய்ச் சேரும் குடோன் பிரிண்டருக்கு வால்பாறை. ஒரு வாரத்தில் எங்கள் பேச்சே மாறிவிட்டது. "ஆழியாறுல பேப்பர் இல்லீங்க", "வால்பாறைக்கு அனுப்பிச்சிருக்கறேன், மெதுவாத்தான் வரும்" என்றெல்லாம் நாங்கள் பேசுவதைக் கேட்டு, முதல் முறை வந்த லாரி டிரைவர் ஒருவர் இது டிராவல்ஸ் ஆபீஸா என்று கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் ஒரு பழக்கம். சோதனைக்கு அனுப்பும் டெஸ்ட் பேஜ் வெளியே வராமல் டீயைத் தொடமாட்டார். டீ வந்தால் சாசரால் டம்ளரை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார். உக்கடத்துக்கு டீ சூடாகக் குடித்தார். பொள்ளாச்சிக்கு ஆறிப்போனதைக் குடித்தார். ஆழியாற்றுக்கு மூன்று டீ வீணாயிற்று. அந்தப் பிரிண்டரின் மாடல் பட்டியலில் இல்லை. அதற்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். மாடியில் போய்ப் பார்த்தால் பக்கத்துக்கு ஒரு வரி என்று கிறுக்கல் எழுத்து, கட்டுக்கட்டாக வந்துகொண்டிருந்தது.

"நாம ஒரு பாஷை பேசறோமுங்க, அது வேற பாஷையில கேக்குது" என்று சொல்லிக் கீழே ஓடிவந்து நிறுத்தினார். அந்தப் பிரிண்டருக்கான சரியான டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட்டபின் ஒழுங்கான பக்கம் வந்தது. அந்தக் கிறுக்கல் காகிதங்களைக் குப்பையில் போட விடவில்லை. ஒரு வரிதானே, பின்பக்கம் முழுக்க வெள்ளை என்றார். ஒரு வருடம் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் போட்டதும் போன் நம்பர் எழுதியதும் அதில்தான். அவரும் வருகிறபோதெல்லாம் ஏதாவது எழுத வேண்டுமென்றால் ஒரு பக்கம் கெட்ட காகிதத்தைத்தான் கேட்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னப் பழக்கங்கள். அவர் உண்மையில் யார் என்பது ஆழியாற்றுக்கு அடுத்தபடியாகத்தான் தெரிந்தது.

ஒவ்வொரு பிரிண்டருக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. தகராறு வந்தால் என்ன செய்யட்டும்? காகிதத்தைக் கைவிட்டுவிடட்டுமா, பிரிண்டரை நிறுத்திவைக்கட்டுமா, அல்லது மறுபடி மறுபடி முயன்று பார்க்கட்டுமா? அவர் நாலு பிரிண்டருக்கும் மறுபடி முயல்வதையே வைத்தார். கைவிட்டால் வரிசை சீக்கிரம் காலியாகுமே என்றேன்.

"ஒருத்தரு அனுப்புனத நாம கைவிடக்கூடாதுங்கண்ணா. அனுப்புனது வந்தே தீரோணும்."

"ஆழியாறுல கிறுக்கலா வந்தத நீங்களே நிறுத்துனீங்களே?"

"அது நான் அனுப்புனது. அனுப்புனவங்க நிறுத்தலாமுங்க. வேற யாரும் நிறுத்தக்கூடாது."

இதை அவர் சட்டம் மாதிரியே வைத்திருந்தார். காகிதத்தை எடுத்துக் கொடுக்கும்போதும் அப்படித்தான். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் மேஜையில் வைப்பார். மேனேஜருடைய காகிதமானாலும் சரி, டீ மாஸ்டரின் ரேஷன் கார்டு நகலானாலும் சரி. "உங்களுதுங்க" என்று ஒரு வார்த்தை. வேறு யாராவது எட்டிப் பார்த்தால் "அவங்களுது, நாம பார்க்கக்கூடாதுங்க" என்பார். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒரு பிரிண்டர் மெக்கானிக்குக்கு எதற்கு இத்தனை நியாயம் என்று டெஸ்பாட்ச் அண்ணனிடம் கேலியும் செய்தேன்.

ஒருநாள் அவரே காரணம் சொன்னார், அதுவும் கேபிளைச் சுற்றிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் காலேஜ் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க வால்பாறையிலிருந்து கீழே இறங்கி ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். வரிசையில் இவருடையது ஏழாவதோ எட்டாவதோ. அப்போது ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். அவருக்காகக் கடைக்காரர் வரிசையில் நின்ற அத்தனையையும் அழித்துவிட்டார். இவரை மறுபடி முதலிலிருந்து பூர்த்தி செய்யச் சொன்னார். பாதியில் கரண்ட் போய்விட்டது. அன்றுதான் கடைசி நாள்.

"நாப்பது கொண்டை ஊசி வளைவுங்க. போகும்போது எண்ணிட்டே போனேன். ஒன்னுமே கையில இல்லாம ஊட்டுக்குப் போனேனுங்க" என்றார். பிறகு, "கடைக்காரரு நல்ல மனுசருதாங்க. யாரோ ஒருத்தரு அவசரம், அவ்வளவுதான்" என்று கேபிளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன். ஆனால் அவருடைய சட்டத்தால் வந்த கூத்துக்குக் குறைவில்லை. டெஸ்பாட்ச் அண்ணன் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். பத்திரிகையை அவரே டைப் செய்து மாதிரிக்கு ஒன்று பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்கு அனுப்பினார். குடோனில் பிரிண்டர் அணைந்திருந்தது. வரவில்லையே என்று மறுபடி அழுத்தினார். அப்படி மொத்தம் பதினோரு தடவை. திங்கட்கிழமை காலையில் பிரிண்டரைப் போட்டதும் பதினோரு பத்திரிகையும் வரிசையாக வந்து விழுந்தன. லோடு ஏற்றுகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் வந்து, "கட்டாயம் வாரோமுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணன் இவருக்குப் போன் செய்து, எல்லாம் உங்களால்தான் என்று குறைபட்டார். "நல்லதுதானுங்க, வரட்டும்" என்றாராம். பதினோரு பேரும் வந்தார்கள். இரண்டாவது பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது.

இனி என் கடிதம்.

ஒருநாள் மேனேஜர் என்னைத் திட்டினார். ஒரு கப்பல் காகிதத்தில் பெட்டி எண்ணிக்கை தப்பு. ஹால் நடுவில், எல்லார் முன்னிலையிலும் திட்டினார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லீங்களா? எதுக்குங்க இங்க வந்து உக்காந்திருக்கறீங்க? ஊட்டுலயே உக்காந்துக்கலாமில்லீங்களா?"

எங்கள் ஊரில் திட்டும்போதும் மரியாதை குறையாது. மரியாதையோடு திட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மரியாதை இல்லாமல் வாங்குவது எவ்வளவு மேல் என்று. அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் நான் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் தட்டினேன். நாலு பத்தி. முதல் இரண்டும் நாலாவதும் யார் படித்தாலும் குற்றம் சொல்ல முடியாதவை. மூன்றாவதில்தான் கை நின்று விளையாடிவிட்டது. தன் மூக்குக் கண்ணாடியைத் தினமும் எங்கேயோ வைத்துவிட்டு, ஆபீஸ் முழுவதையும் குனிந்து தேட விடுகிற ஒருவர் அடுத்தவர் கண்ணைப் பற்றிப் பேசுவது வேடிக்கை என்று தொடங்கி, அந்தக் கண்ணாடி எங்கெங்கெல்லாம் கிடைத்தது என்ற பட்டியலோடு போகும் அந்தப் பத்தி. ஒரு முறை கழிப்பறை வாளிக்குள் கிடைத்ததையும் விடவில்லை.

உக்கடத்தில் எடுத்துக் கவரில் போட்டுக் காலையில் கொடுப்பதாகத் திட்டம். பிரிண்ட் என்று அழுத்தினேன். பிரிண்டர் பெயரைப் பார்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் தானாகப் பொள்ளாச்சிக்குத்தான் போகும். கோபத்தில் இருக்கிறவன் எங்கே பெயரைப் பார்க்கிறான்? உக்கடம் அசையவில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். கையில் இரண்டு டீ. பெட்டி எண்ணிக்கையைத் தப்பாக எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்று இரவு வீட்டில் போய் ஞாபகம் வந்ததாம்.

"நேத்து வாய் நீண்டுபோச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அதையும் ஹால் நடுவில், எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

நான் எழுந்து டீயை வாங்கிக்கொண்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், எனக்கு வயது நாற்பத்து மூன்று, இந்த வயதில் இன்னோர் இடத்தில் போய் முதலிலிருந்து கைகட்டி நிற்பதா என்று ராத்திரியெல்லாம் புரண்டிருந்தேன். அவர் நகர்ந்ததும் கம்ப்யூட்டரில் இருந்த கடிதத்தை அழித்தேன். காகிதம்தான் வரவே இல்லையே, அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் சட்டம் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம்.

நான் அனுப்பிய அன்று மத்தியானம் நெட் கம்பெனிக்காரர்கள் வந்து புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிரிண்டர்களுக்கு எண் கொடுப்பது அந்த ரவுட்டர்தான். அது பொள்ளாச்சிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. எங்கள் பொதுக் கம்ப்யூட்டர் பழைய வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. யார் அனுப்பினதும் போய்ச் சேரவில்லை, எதுவும் அழியவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மேனேஜருக்குப் பொள்ளாச்சி அவசரமாகத் தேவைப்பட்டது. பதினோரு மணிக்கு வெளிநாட்டிலிருந்து விரிப்பு வாங்குகிறவர்கள் வருகிறார்கள், சாம்பிள் பட்டியல் அவர் அறையில் தயாராக இருக்க வேண்டும். போன் போட்டதும் இவர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். டீ வந்தது, சாசரால் மூடினார். பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மேனேஜர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் என் மேஜையில், கை எட்டும் தூரத்தில் இருந்தேன்.

"நம்பர் மாறிப்போச்சுங்க சார். புதுசு போட்டுட்டேன். இனிமே மாறாம ரவுட்டர்லயும் கட்டி வெச்சுடறேனுங்க" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "வரிசையில பதினாலு நிக்குதுங்க. உங்களுது கடைசி. இப்ப விட்டா மூணு நாளா நின்னதெல்லாம் வரிசையா உங்க ரூம்ல வந்துரும்" என்றார்.

மூணு நாளா நின்னது. அதில் ஒன்று என் கடிதம்.

"அதையெல்லாம் அழிச்சுப்போடுங்க அம்மணி. என்னுது மட்டும் வரட்டும்" என்றார் மேனேஜர்.

என் வாழ்நாளில் அந்த மனிதர் சொன்னதிலேயே மிக நல்ல வார்த்தை அதுதான். எழுந்து காலில் விழலாம் போல் இருந்தது.

"அழிக்க மாட்டேனுங்க சார்" என்றார் இவர்.

"பழசெல்லாம் எதுக்குங்க? நேரமாச்சு."

"அனுப்புனவங்க சொன்னா நிறுத்தறேனுங்க. நாம நிறுத்தக்கூடாது. ரெண்டு நிமிசத்துல எல்லாமே வந்துருமுங்க."

அனுப்பியவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து "என்னுது ஒன்னு இருக்குதுங்க, அத நிறுத்துங்க" என்று சொன்னால் போதும். என்ன காகிதம் என்று மேனேஜர் உடனே கேட்பார். பொய் சொல்லலாம் என்றால் திரையில் அனுப்பியவன் பெயரும் காகிதத்தின் பெயரும் நிற்கின்றன. கடிதத்துக்கு நான் வைத்திருந்த பெயர் ஆங்கில எழுத்தில் 'ராஜினாமா'. நான் அவரையே பார்த்தேன். அவர் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். டெஸ்பாட்ச் அண்ணன் வழக்கம்போல் ஒரே லிஸ்டை ஆறு தடவை அனுப்பியிருந்தார். பேக்கிங்கில் இருந்து சில. சுட்டி ஓர் இடத்தில் நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரியைப் படித்தேன்.

மேனேஜரும் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி அங்கே இல்லை.

"என்னுங்க அது, நின்னுட்டீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஒரு கணம் யோசித்தார் என்று மட்டும் தெரிந்தது.

"ஒன்னு மட்டும் தப்பான பஸ் ஏறிருச்சுங்க சார். உக்கடத்துல எறங்க வேண்டியது. மாத்தி உடறேன்."

ஒரு பிரிண்டரின் வரிசையில் நிற்பதை இன்னொரு பிரிண்டருக்கு மாற்ற அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதுவரை அவர் அதை அழுத்தி நான் பார்த்ததில்லை. அழுத்தினார். என் முழங்கைக்குப் பக்கத்தில் உக்கடம் உறுமியது. வெளியே வந்த காகிதத்தை எழுந்து எடுத்து, கவிழ்த்து, என் மேஜையில் வைத்தார்.

"உங்களுதுங்கண்ணா."

"என்ன பேப்பருங்க?" என்றார் மேனேஜர்.

"அவங்களுது, நாம பார்க்கக்கூடாதுங்க சார்."

மேனேஜர் சரி என்று தலையாட்டினார். அந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருந்ததால் அவருக்கு அது ஒரு விசேஷமாகவே படவில்லை. அவர் உள்ளே போனார். இவர் பொள்ளாச்சியைத் திறந்துவிட்டார். பதின்மூன்று காகிதங்களும் வந்து விழுந்தன, கடைசியில் சாம்பிள் பட்டியல். பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள்.

அவர் ஆறிய டீயைக் குடித்தார். என் மேஜையில் காகிதம் அப்படியே கவிழ்ந்து கிடந்தது.

"இது வேணுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கங்க. குடுக்கறதும் கிழிக்கறதும் உங்க கையில இருக்கோணும். அதுக்குத்தானுங்க எடுத்துக் குடுத்தேன்."

"யோசிச்சுட்டேனுங்க. வேண்டாம்."

"அப்ப பின்பக்கம் எழுதிக்கட்டுங்களா?"

ஒரு பக்கம் கெட்ட காகிதம் அவருக்கு எப்போதும் வேண்டும். நான் தலையாட்டினேன். வெளியூர் மூன்றின் பெயர்களையும் எண்களையும் குண்டு குண்டாக எழுதினார். செல்லோ டேப்பை எடுத்தார். ஹாலில் எங்கேயோ ஒட்டப்போகிறார் என்று நினைத்தேன். நேராக மேனேஜர் அறைக்குள் போனார். நான் எழுந்து ஓடுவதற்குள் பொள்ளாச்சிக்கு மேலே சுவரில் ஒட்டி முடித்துவிட்டார். காணாமல் போகிற பிரிண்டர் அதுதானே, எண் அதன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று மேனேஜருக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற என்னைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னார்:

"நாலு பக்கமும் டேப் போட்டுட்டேனுங்கண்ணா. பிரியாது."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி ஓசூருக்குப் போனார் என்று சர்வீஸ் கடையில் சொன்னார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசவில்லை. அவர் படித்தாரா என்றும் நான் கேட்கவில்லை. அவர் படித்திருக்க மாட்டார்.

நினைத்திருந்தால் ஒரு மத்தியானம் மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் நான் அதைக் கிழித்திருக்கலாம். இத்தனை வருடத்தில் எத்தனையோ மத்தியானம் வந்தது. கிழிக்க மனமில்லை. திட்டு வாங்குகிற நாளில் அறைக்குள் போனால் சுவரைப் பார்ப்பேன். வேறு வழியில்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் அதைப் பார்த்ததும் போய்விடும். கையில் கடிதம் வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். இந்த வேலையில் எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சக் கௌரவமும் அவர் அன்று அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்ததால் வந்தது. மேனேஜரும் ரவுட்டர் தகராறு செய்யும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, விரலை வைத்து, எண்ணை உரக்கப் படிப்பார். பொள்ளாச்சியின் எண் இருந்தது சரியாக மூன்றாவது பத்திக்கு நேர் பின்னால்.

போன மாதம் ஆபீசுக்கு வெள்ளையடித்தார்கள். எனக்கு அது ஞாபகம் வருவதற்குள் மேனேஜர் அறையில் சுவர் காலியாகிவிட்டது. பெயிண்டர்களிடம் கேட்டேன். "சார் அவரே பிரிச்சு எடுத்துக்கிட்டாருங்க" என்றார்கள். அன்று மேனேஜர் என்னைக் கூப்பிடவே இல்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்தார். காகிதத்தைக் கவிழ்த்து, எண்கள் இருந்த பக்கம் மேலே தெரியும்படி வைத்தார்.

"உங்களுதுங்க" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்குப் புதிதாக ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"பெயிண்ட் காஞ்சதும் முன்ன இருந்த எடத்துலயே ஒட்டிருங்க" என்றார். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பினார். "நாலு பக்கமும் டேப் போட்டுருங்க."

போட்டேன். பிறகு பொள்ளாச்சிக்கு ஒரு டெஸ்ட் பேஜ் அனுப்பினேன். அது வந்த பிறகு டீயைக் குடித்தேன், ஆறித்தான் போயிருந்தது.